பெட்டியில் இல்லாத மாத்திரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நான், அப்பா, தம்பி மூவரும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று நானே எழுதிவிடக் கை வரவில்லை, அதை நீதான் எழுத வேண்டும். பெட்டியைப் பிரித்ததும் முதலில் எதைத் தேடுவாய் என்று தெரியும். ஸ்வெட்டர் இருக்கிறது, செருப்பு இருக்கிறது, நீ கேட்ட நெஞ்செரிச்சல் மாத்திரை மட்டும் இல்லை. மறந்துவிடவில்லை, ஐந்து அட்டை வாங்கி ஸ்வெட்டருக்குள் சுற்றி டேப் ஒட்டியும் முடித்து, மறுபடி பிரித்து வெளியே எடுத்தேன். திட்டுவதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

அப்பாவுக்கு வயிறு சரியில்லை, இப்போது பரவாயில்லை என்று மட்டும்தான் உனக்கு ஃபோனில் சொன்னோம். நடந்தது என்னவென்றால், தச்சுப் பட்டறையில் மண்டி போட்டு மண்டி போட்டு முழங்கால் வலி வந்து, யாரையும் கேட்காமல் தினம் ஒரு வலி மாத்திரை, அதுவும் வெறும் வயிற்றில் டீயோடு. நெஞ்சு எரிய ஆரம்பித்ததும் பக்கத்துப் பட்டறை வெல்டர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு கேப்ஸ்யூலை எடுத்து நீட்ட, எரிச்சல் அடங்கிவிட்டது. அன்றிலிருந்து வெல்டர்தான் குடும்ப டாக்டர். எரியும்போதெல்லாம் ஒன்று, அதுவும் தொண்டையில் சிக்குகிறது என்று உடைத்து உள்ளே இருக்கும் குட்டி மணிகளை மிட்டாய் மாதிரி மென்றிருக்கிறார். கல்லூரியில் தவளை வயிற்றைப் பிரித்துப் பார்த்துப் பட்டம் வாங்கியவள் நான், என் வீட்டு மனிதர் வயிற்றில் நடந்தது எனக்குத் தெரியவில்லை பார். கடைசியில் ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தால் இரைப்பையில் புண். அப்பா விடுவாரா, இப்போது எரியவே இல்லையே என்று டாக்டரம்மாவிடம் வாதாடினார். அந்த அம்மா நிதானமாக, “எரிச்சல் அடங்கினா புண் ஆறிடுச்சுன்னு அர்த்தம் இல்லைங்க, புண்ணை உண்டாக்கினதே அந்த வலி மாத்திரைதான், முதல்ல அதை நிறுத்துங்க” என்றார். அதே மாதிரி கேப்ஸ்யூலைத்தான் அவரும் எழுதினார், ஆனால் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், மெல்லாமல் முழுசாகத் தண்ணீரோடு, அவர் சொன்ன வாரங்கள் வரைக்கும், நாமாக நிறுத்தவும் கூடாது நாமாக நீட்டவும் கூடாது. அந்த வாரங்கள் முழுக்க அப்பா தினமும் தட்டைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக உட்கார்ந்திருந்தார், ரயில் எத்தனை மணிக்குப்பா என்று தம்பி கிண்டல் செய்தான். திரும்பக் குழாய் விட்டுப் பார்த்ததில் புண் ஆறிவிட்டது, கவலைப்படாதே.

கவலை உன்னைப் பற்றித்தான். போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கம்ப்யூட்டர் முன்னாலேயே கிடப்பதால் கழுத்து வலி, தினம் மாத்திரை போடுகிறேன் என்றாய். கொஞ்சம் கழித்து நெஞ்சு எரிகிறது, அந்த மாத்திரை அனுப்பு என்றாய். ஃபோனை வைக்கும்போது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கிழவி ஆகிவிட்டேன் என்று சிரித்தாய், நானும் சேர்ந்து சிரித்தேன். டேப் ஒட்டும்போதுதான் மூன்றும் என் மண்டையில் ஒன்றாய்ச் சேர்ந்தன. உள்ளே புண் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் போனாலும் அப்படி மூச்சு வாங்குமாம். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். அந்த மாத்திரை கெட்டது என்று சொல்லவில்லை, அப்பாவை ஆற்றியதே அதுதான், ஆனால் உன் வயிற்றை யாரும் பார்க்காமல் நான் அதை அனுப்பினால் நானும் ஒரு வெல்டர்தான். இந்த வாரமே டாக்டரிடம் போ. கழுத்து வலி மாத்திரையைச் சொல், வலிக்கு வேறு எது போடலாம் என்றும் கேள். நீ சாப்பிடும் இரும்புச்சத்து மாத்திரையையும் சொல், அந்தக் கேப்ஸ்யூலால் வயிற்றில் அமிலம் குறைந்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஏறாதாம். வயிற்றில் புண் உண்டாக்கும் கிருமி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ, தலை சுற்றினாலோ டாக்டரிடம் நேரம் வாங்கிக்கொண்டு அந்த நாளுக்காகக் காத்திருக்காதே, நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. இரும்பு மாத்திரையாலும் கறுக்கும்தான், அதனால்தான் என்று நீயே தீர்ப்பு எழுதாதே. இதையெல்லாம் போய் எழுதுகிறாளே என்று முகத்தைச் சுளிக்காதே, உன் துணியெல்லாம் துவைத்தவள் நான்.

பெட்டி ஏன் இந்தக் கனம் என்று கேட்பாய். அடியில் இரண்டு மரக்கட்டை, அப்பா செய்தது. ராத்திரி புளிப்பு மேலே ஏறி வராமல் இருக்கக் கட்டிலின் தலைப்பக்கத்து இரண்டு காலுக்கும் அடியில் வைக்க வேண்டும், தலையணையை அடுக்கினால் கழுத்துதான் இன்னும் வலிக்கும். இது டாக்டரம்மா அப்பாவுக்குச் சொன்னது. நம் தச்சர் தனக்குச் செய்த ஜோடியை முதல் நாள் கால்பக்கம் வைத்துப் படுத்து, வைத்தியமே தப்பு என்று காலையில் ஊரைக் கூட்டினார். அதனால்தான் உன் கட்டைகளில் ‘தலை’ என்று உளியால் செதுக்கியிருக்கிறார்.

நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, படுக்கப் போகும் முன்னால் வயிறு முட்டச் சாப்பிடாதே. டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்த நிமிஷமே ஃபோன் செய். மூலைக்கடை டெய்லர் இன்னும் நம் இரண்டு பேரையும் அக்கா தங்கை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். மாடி ஏறினால் மூச்சு முதலில் அக்காவுக்குத்தான் வாங்க வேண்டும், வரிசையைக் கெடுக்காதே.

ஆயிரம் முத்தங்களோடு,
உன் அம்மா