மாவு பறக்கும் வீடு

ஓசூர்
17.8.1986

ஜெய்னப் அக்காவுக்கு,

ஸலாம். நலம் விசாரிக்க இதை எழுதவில்லை.

நேற்றும் கண்டக்டர் திம்மராயன் பஸ்ஸை நிறுத்தி, நீ அனுப்பிய பால் ரொட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். உன் மகன் ஃபக்ருதீனுக்கு வேறு இடத்தில் பெண் பார்க்கிறீர்களாமே? அந்தச் செய்தியையும் அவர்தான் கொடுத்தார். பஸ் கண்டக்டருக்குத் தெரிந்த பிறகுதான் பெண்ணைப் பெற்றவனுக்குத் தெரிய வேண்டுமா?

தில்ஷாத் பிறந்த அன்று "என் மருமகள்" என்று அவள் வாயில் சர்க்கரை வைத்தவள் நீ. இன்று அவளுக்கு முழங்கையிலும் முட்டியிலும் கொப்புளம். அரிப்பில் தூக்கமில்லை. பெங்களூர் டாக்டர் எழுதிய மாத்திரை ஓசூரில் கிடைக்காமல், உன் கொழுந்தன் மருந்துக்கடைக்கு வந்தேன். "இது குஷ்டத்துக்குக் குடுக்கிற மாத்திரையாச்சே, பாய்!" என்று கடையில் நாலு பேர் நிற்கும்போதே சத்தமாகச் சொன்னார். இது குஷ்டம் இல்லை, அதே மாத்திரை இந்த அரிப்பையும் அடக்கும் என்று டாக்டர் சொன்னதை அங்கேயே சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை. உன் காதிலும் ஏறவில்லை என்று இப்போது தெரிகிறது.

முனீர் அகமது


கிருஷ்ணகிரி
25.8.1986

அன்புத் தம்பி முனீருக்கு அக்கா துஆ செய்து எழுதுவது.

உன் லெட்டரை உன் மச்சானுக்குக் காட்டலை. காட்டினா அவரும் பதிலுக்கு நாலு வார்த்தை எழுதுவார், நீ எட்டு எழுதுவே. சின்னதுல இருந்தே உனக்குக் கோவம் வந்தா பேனாதான் கையில வரும்.

பொண்ணு பாக்கச் சொன்னது நான் இல்லைப்பா. இந்த வீட்ல என் பேச்சு சமையக்கட்டைத் தாண்டாது. ஃபக்ருதீன் யார் வீட்டுக்கும் வரமாட்டேன்னு எங்க பேக்கரி அடுப்பு முன்னாடியே நிக்கிறான்.

புள்ளைக்கு வயிறு ஊதிக்கிது, சோறு தங்கலைன்னு அவங்கம்மா சொன்னா. உடம்பு முடியாதவங்களுக்கு ரொட்டிய விட லேசா என்ன இருக்கு? பால்ல நனைச்சுக் குடு. கோதுமைக் கஞ்சியும் காய்ச்சு. அவளுக்குன்னு ஃபக்ருதீன் தன் கையால சுடறான். என்னைத் திட்டு, ரொட்டியத் திருப்பி அனுப்பிடாதே.

உன் அக்கா,
ஜெய்னப்


ஓசூர்
30.11.1986

ஜெய்னப் அக்காவுக்கு,

ஸலாம். பெங்களூரில் தில்ஷாதின் தோலிலும் குடலிலும் துளித்துளி எடுத்துப் பரிசோதித்தார்கள். இரண்டும் ஒரே வியாதியாம். கோதுமை உள்ளே போனால் அவள் உடம்பு அதை எதிரியாக நினைத்துச் சண்டைக்குக் கிளம்புகிறது. அடி விழுவது அவளுடைய குடலுக்கும் தோலுக்கும். குடல் கெட்டால் சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாது. மாத்திரை அரிப்பைத்தான் அடக்கும், குடலைக் காப்பாற்றாது. எனக்கு இங்கிலீஷில் அரை மணி நேரம் விளக்கிய டாக்டர், அவளிடம் கன்னடத்தில் இரண்டே வார்த்தை சொன்னார்: "கோதி பேட." கோதுமை வேண்டாம். ஆயுள் முழுக்க.

ரொட்டி, பன், ரஸ்க், ரவை, சேமியா, பரோட்டா, எல்லாம் அதுதான். பெருங்காய டப்பாவில்கூட மைதா கலந்திருக்கிறது. பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் கையில் ரொட்டியோடு வந்தார்கள். அவள் இளைத்தாள், ரொட்டி கொடுத்தோம். இன்னும் இளைத்தாள், இன்னும் கொடுத்தோம். இதற்காக உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு ஆசைதான். யாருக்குமே தெரியாததற்கு என்ன சொல்வது?

ஆனால் குஷ்டம் என்று பேசியதற்குச் சொல்வேன். இது யாருக்கும் ஒட்டாது. அதை உன் கொழுந்தன் அதே கடையில், அதே சத்தத்தில் சொல்லட்டும். அதுவரை பொட்டலமும் வேண்டாம், உறவும் வேண்டாம்.

முனீர் அகமது


கிருஷ்ணகிரி
5.5.1988

அன்புத் தம்பிக்கு,

ஒண்ணரை வருஷமா நீ பேசலை. நானும் இங்க இவங்களைப் பேச வைக்காம விடலை. கொழுந்தன் உன் வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டுட்டார். உன் மச்சானும், "முனீர் பொண்ணுதான் இந்த வீட்டுக்கு"ன்னு வாய் திறந்து சொல்லிட்டார். தில்ஷாத் கொப்புளமெல்லாம் ஆறி, மாத்திரையும் விட்டு, கன்னம் வெச்சிருக்கான்னு கேள்விப்பட்டேன். அல்ஹம்துலில்லாஹ்.

பெருநாளுக்கு அவளை அனுப்பு. பத்து நாள் இருக்கட்டும். புதுச் சட்டி, புதுத் தட்டு, தனி அடுப்பு வெச்சிருக்கேன். சோறும் ராகிக் களியும்தான். சேமியாவுக்குப் பதிலா ஜவ்வரிசிப் பாயசம். இது என் மருமகளுக்கு நான் குடுக்கிற வாக்கு.

ஜெய்னப்


ஓசூர்
8.6.1988

அக்காவுக்கு,

ஸலாம். தில்ஷாத் சிரித்துக்கொண்டுதான் வந்து இறங்கினாள். அந்த வாரமே வயிறு போக ஆரம்பித்தது. இப்போது முழங்கையில் மறுபடியும் கொப்புளம்.

"அங்கே என்ன கொடுத்தார்கள்?" என்று அவளை அதட்டினேன். "மாமிய ஒண்ணும் சொல்லாதீங்க, அத்தா. குளிச்சிட்டுத்தான் எனக்குச் சோறே போட்டாங்க. அங்க தலகாணியத் தட்டினா மாவு பறக்குது, அவங்க என்ன பண்ணுவாங்க?" என்றாள்.

டாக்டரைக் கேட்டேன். பறக்கும் மாவு சோற்றில் படிந்தாலும் வாயில் போனாலும் போதுமாம். முன்னால் கடை, பின்னால் அடுப்பு, நடுவில் நீங்கள் குடியிருக்கும் வீடு. அங்கே எந்த மூலையில் அவளை வைப்பாய்?

முனீர்


கிருஷ்ணகிரி
14.6.1988

தம்பி,

நீ எழுதினதப் படிச்சிட்டு மூணு தடவை வீட்டக் கழுவினேன். காலையில அலமாரி மேல விரலை வெச்சா வெள்ளையா ஒட்டுது.

ஃபக்ருதீன் பேக்கரிய விட்டுட்டு ஓசூருக்கே வந்துடறேங்கறான். மாமு வேலை பாக்கிற கம்பெனியில ஒரு வேலை வாங்கிக் குடுத்தாப் போதுமாம்.  உன் மச்சானுக்கு இப்பல்லாம் மூச்சு இழுக்குது. மாவு மூட்டை தூக்க முடியலை. எங்களுக்கு ஒத்தப் பிள்ளை. வேணாம்னு சொல்றதுக்காக இத எழுதலைப்பா. அனுப்புன்னு நீ எழுது, அனுப்பிடறேன்.

ஜெய்னப்


ஓசூர்
27.6.1988

அன்புள்ள அக்கா,

அனுப்பு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஃபக்ருதீன் இங்கே வந்திருந்தான். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாங்க. யாரு தடுத்தா?" என்றாள் தில்ஷாத்.

"தலையில மாவு இருக்குமோன்னு பயமா இருக்கு."

"மொட்டை போட்டுட்டு வர வேண்டியதுதானே!" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். பிறகு அவளே சொன்னாள்: "மாமாவ மூட்டை தூக்க விட்டுட்டு இங்க வந்து நிக்காதீங்க. அவரு இழுக்கிற மூச்சு எனக்கு இங்க கேக்கும். சாப்பிட முடியாது."

 அவள் சொன்னதிலும் தப்பில்லை, அவன் கேட்டதிலும் தப்பில்லை. நீ செய்ததிலும் தப்புக் கண்டுபிடிக்கப் பார்த்தேன், இல்லை. இரண்டு வருஷமாக உன் மேல் இருந்த கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினேன். இப்போது அதுவும் கையில் இல்லை.

அவனுக்கு வேறு பெண் பாருங்கள். எனக்கு அனுப்பும் நிக்காஹ் பத்திரிகையின் மேல் 'குடும்பத்தாருடன்' என்று எழுதாதே. என் பெயரை மட்டும் எழுது. நான் வருகிறேன்.

உன் தம்பி,
முனீர்