மூன்றாவது பிளக்கு

அண்ணாச்சி, நேற்று மாலை வரை உறுதியானது ஒன்றுதான். உங்கள் சிவப்புக் காரின் மூன்றாவது சிலிண்டர் பிளக்கில், வெள்ளைப் பீங்கான் மீது மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு இருக்கிறது. அதைச் சுற்றி வெள்ளி நிறத்தில் பொடி அப்பியிருக்கிறது. நேரில் பார்த்தவர்கள் உங்கள் மனைவி கிரேஸ் அக்கா, மெக்கானிக் செல்வின், நான். பிளக்கு இப்போது என் மேசையில் ஒரு பாலித்தீன் பைக்குள் கிடக்கிறது. பெட்ரோலும் சூடான ரப்பரும் கலந்த உங்கள் ஷெட்டின் வாடை பையை மீறி வருகிறது. எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

டர்போ பொருத்தி, புகைக்குழாய் மாற்றி, நீங்களும் செல்வினும் சேர்ந்து கட்டிய வண்டி அது. உங்கள் தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் சீசன் முடிந்துவிட்டால் ஷெட்டே கதி என்று இருவரும் கிடப்பீர்கள். கோயம்புத்தூர்க் கார்ப் பந்தயப் போட்டிக்குப் பெயர் கொடுத்த பிறகு, சாத்தூர் சாலையில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து மிதித்தீர்கள். நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுற்று வரை வழுக்கிக்கொண்டு போன எஞ்சின், அதைத் தாண்டியதும் தும்மித் தும்மித் திணறியது. "மிஸ்ஸிங் அடிக்குது ரிப்போர்ட்டரே," என்றீர்கள். அதே மூச்சில், "எவனோ கை வச்சிருக்கான்."

முதல் சந்தேகம் பெட்ரோல் பங்க் மீது. பாட்டிலில் பிடித்து வைத்து, தண்ணீர் பிரிகிறதா என்று பார்த்தீர்கள். பிரியவில்லை. அடுத்து செல்வின். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில்களைப் புதிதாக மாற்றியவன் அவன். ஒரிஜினலை எடுத்துக்கொண்டு டூப்ளிகேட்டை மாட்டிவிட்டான் என்றீர்கள்.

செல்வின் வாக்குவாதம் செய்யவில்லை. கோளாறு மூன்றாவது சிலிண்டரில் என்று ஸ்கேனர் காட்டியது. அதன் காயிலை ஒன்றாவதிலும், ஒன்றாவதன் காயிலை மூன்றாவதிலும் மாற்றிப் போட்டான். காயில் கெட்டிருந்தால் கோளாறும் கூடவே நகர வேண்டும். நகரவில்லை.

"அப்ப ரெண்டுமே டூப்ளிகேட்டு," என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களுக்கு வரவில்லை.

பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றான் செல்வின். "அது நான் என் கையால மாட்டுனது. அதுல உனக்கு என்ன சோலி?" என்று கேட்டு, அவனைத் தள்ளி நிற்கச் சொன்னீர்கள்.

கம்பெனியில் லோடு கிளம்பும் முன்னால் ஒரு வெடியை எடுத்து வெளியே கொளுத்திப் பார்ப்பீர்கள். அது வெடித்தால் மொத்தச் சரக்கும் சுத்தம். பிளக்கையும் அப்படித்தான் சோதித்தீர்கள். நீங்களே கழற்றி, காயிலின் ரப்பர் உறைக்குள் செருகி, எஞ்சின் மேல் வைத்துப் பொறியைக் காட்டினீர்கள். நீலமாகச் சுளீரென்று விழுந்தது. "வெடிக்குதுல்ல? சரக்குல குத்தம் இல்ல." வெளிக்காற்றில் பாய்வது எளிது, டர்போ அழுத்திய காற்றுக்குள் பாய்வது கஷ்டம் என்று செல்வின் சொல்ல வந்தான். நீங்கள் அதற்குள் பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டீர்கள்.

போட்டிக்கு நாம் போகவில்லை. செல்வின் திருடன் என்று பஜார் முழுக்கச் சொன்னீர்கள். கார்காரர்கள் அவனிடம் வண்டி விடுவதை நிறுத்தினார்கள். இப்போது காரியாபட்டியில் டிராக்டர் பார்க்கிறான். பிறகு மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனது. கார் ஷெட்டிலேயே நின்றுவிட்டது.

போன வாரம் அக்கா எனக்குப் போன் செய்தார். "அவுக சொன்னது நெசமா இல்லையான்னு எனக்குத் தெரியணும் தம்பி. கோயில்ல செல்வின் பொண்டாட்டி என்னையப் பாத்தா முகத்தத் திருப்பிக்கிறா."

நேற்று ஷெட்டில், செல்வின் வண்டியைத் தொடக் கூடாது என்று நான்தான் சொன்னேன். "இன்னுமா சார் சந்தேகம்?" என்றான். நாளைக்கு நீயே எதையாவது மாற்றிவைத்தாய் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்றேன். அவன் ஸ்பேனரை அக்காவிடம் நீட்டினான். நாற்பது வருஷம் ஆஸ்பத்திரியில் ஊசி பிடித்த கை. அக்கா நிதானமாகக் கழற்றினார்.

பீங்கானில் இருந்த கோடு ரப்பர் உறையின் உள்பக்கத்திலும் இருந்தது. அழுத்தம் ஏறியதும் மின்சாரம் பிளக்கு முனைக்குப் போகாமல், பொடி காட்டிய வழியில் வெளிப்புறமாகவே இறங்கிவிட்டது என்றான் செல்வின். அக்கா பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தார். "இது அவுக சட்டைக் கையில வர்ற பொடியில்ல? எம்புட்டுத் தொவச்சிருக்கேன்."

வெடி மருந்தில் சேரும் அலுமினிய பவுடரை எடை போடுவதை நீங்கள் யாரிடமும் விட்டதில்லை. அளவில் விளையாடிவிடுவார்கள் என்ற பயம். பிளக்கையும் அதே பயத்தில்தான் நீங்களே மாட்டினீர்கள். நீங்கள் சந்தேகிக்காதது உங்கள் கைகளை மட்டும்தான் அண்ணாச்சி.

ஆனாலும் நான் இன்னும் முடிவு கட்டவில்லை. பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் இப்படிக் கோடு விழலாம் என்று செல்வினே சொன்னான். உங்களுக்குச் சாதகமானதையும் சொல்கிறானே, ஏன் என்று உடனே யோசித்தேன். இப்படி யோசிப்பது உங்களோடு பழகியதில் ஒட்டிக்கொண்டது. போகமாட்டேன் என்கிறது.

புதுப் பிளக்கும் புது ரப்பர் உறையும் மாட்டியாகிவிட்டது. ஓட்டிப் பார் என்றதற்குச் செல்வின் தயங்கினான். "நல்லா ஓடுனா அண்ணாச்சி பேரு கெடும். ஓடலைன்னா எம் பேரு."

"ஓட்டுலே," என்றார் அக்கா. "அவுக பேர நான் பாத்துக்கிறேன்."

பொடி என்ன என்பதைக் கல்லூரி வேதியியல் ஆசிரியர் ஒருவர் வியாழக்கிழமை சொல்வதாக இருக்கிறார். எஞ்சின் ஆறாயிரத்தைத் தாண்டுமா என்பது சனிக்கிழமை காலை தெரியும். செல்வின் ஓட்டுகிறான், அக்கா பக்கத்தில் உட்காருகிறார். சாத்தூர் சாலைக்குப் போகக் குறுக்கு வழி இருக்கிறது. முடிவு எதுவானாலும் சரி, பஜார் வழியாகத்தான் போக வேண்டும், அதுவும் மெதுவாக என்று அக்கா சொல்லியிருக்கிறார்.