என் சுவருக்கு இந்தப் பக்கத்து மண்ணையும் தோண்டிப் பார்க்க வேண்டும்

அனுப்புபவர்:
காளிதாஸ் அன்னலட்சுமி,
கடைசிக் காம்பரா, பெக்டரி லயம்,
புஞ்சிகல தோட்டம், கீழ்ப்பிரிவு,
தெஹியோவிட்ட.

பெறுபவர்:
சுற்றாடல் அதிகாரி அவர்கள்,
கேகாலை.

விடயம்: பழைய டீசல் தாங்கி தோண்டிய இடத்தில், என் காம்பராவின் பக்கம் மண் எடுக்காமல் விடப்பட்டமை தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

நான் ஐந்தாம் வகுப்போடு ரப்பர்ப் பால் வெட்டப் போனவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விசயத்தில் பிழை இல்லை.

1. எங்கள் தோட்டத்து ரப்பர் பெக்டரி மூடிக் கிடக்கிறது. அதன் முற்றத்தில் நிலத்துக்கு அடியில் இருந்த டீசல் தாங்கி துருப்பிடித்து ஒழுகி, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக் கிணற்றில் எண்ணெய் மிதந்தது. அதனால் மாசி மாதம் கம்பெனிக்காரர்கள் பெக்கோ மெசின் கொண்டுவந்து தாங்கியைத் தோண்டி எடுத்தார்கள். பூமியில் கை வைக்கும் முன் சூடம் கொளுத்துவது எங்கள் வழக்கம். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த மருதாயி அக்கா எரிகிற சூடத்தட்டோடு தாங்கி இருந்த இடத்தை நோக்கிப் போய்விட்டார். மண் பரிசோதிக்க வந்திருந்த ஒரு சிங்கள மாத்தயா ஓடிவந்து தட்டோடு பிடுங்கினார். சாமிக்குக் காட்டப்போய் எங்களையெல்லாம் சாமியிடமே அனுப்பப் பார்த்தாய் என்று நான் அக்காவைக் கேலி செய்ய, லயமே சிரித்தது. லயம் ஒன்றாகச் சிரித்தது அன்றுதான் கடைசி.

2. அந்த மாத்தயா பிறகு காம்பரா காம்பராவாக வந்து, எண்ணெய் வாடை வருகிறதா என்று சிங்களத்தில் கேட்டார். எல்லோரும் வருகிறது என்றார்கள். என் கணவர் காளிதாஸ் சாகும்வரை அந்தத் தாங்கியிலிருந்து லொறிகளுக்கு டீசல் அடித்தவர். அவர் சட்டை, தலையணை எல்லாம் அதே வாடைதான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"அது எண்ண வாடை இல்லீங்க மாத்தயா, எங்க வீட்டுக்காரர் வாசம்" என்று அவருடைய பாசையிலேயே சொல்லிவிட்டேன்.

அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் காம்பராவில் வாடை இல்லை என்று பதிந்துகொண்டு போய்விட்டார். அவர்கள் கட்டிய சிவப்பு நாடா என் சுவரோடு நின்றது. நாடாவுக்கு உள்ளே தோண்டிய மண்ணைப் போத்தல்களில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். என் பக்கம் ஒரு பிடி மண்ணும் எடுக்கவில்லை.

3. மண் கெட்டுப்போனது என்று முடிவு வந்து, நாடாவுக்கு உள்ளே இருந்த குடும்பங்களை மேற்பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பவுசர் வண்டியில் தண்ணீர் வருகிறது. எனக்குப் பொறாமை இல்லை. கொஞ்சம்தான் உண்டு. லயத்தில் இப்போது நான் ஒருத்தி. என் வீட்டுக்குக் கீழே உள்ள சின்னக் கிணற்றை யாரும் மூடவும் இல்லை, குடிக்கலாம் என்று சொல்லவும் இல்லை. ரோட்டுப் பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்துச் சுமந்து வருகிறேன்.

4. மழை தொடங்கியதும் அடுப்படிக்குப் பின்னால் மரவள்ளி நடக் கொத்தினேன். மண் கறுப்பாகப் புரண்டது. அதில் தேங்கிய தண்ணீரில் பல நிறம் ஓடியது. அந்த மண்ணை ஜேம் போத்தலில் போட்டுத் தோட்ட ஆபீசுக்குக் கொண்டுபோனேன். கிளாக்கர் மூக்கைப் பொத்திக்கொண்டு, என் காம்பராவில் வாடை இல்லை என்றுதான் பதிவு இருக்கிறது, கம்பெனி எடுக்காத மண் செல்லாது, போத்தலை முதலில் வெளியே வை என்றார். மேற்பிரிவில் எனக்கும் ஒரு காம்பரா கேட்டேன். மண் முடிவு இல்லாமல் தர முடியாதாம்.

5. ஐயா, லயத்தில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். மருதாயி அக்கா இருமினால் எனக்குத் தூக்கம் போய்விடும். அதற்கு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன். தேத்தண்ணி ஊற்றினால் சுவரில் தட்டுவேன், அக்கா கோப்பையோடு வந்துவிடுவார். போன கிழமை பழக்கத்தில் தட்டிவிட்டேன். ஊற்றிய இரண்டாவது தேத்தண்ணியை என்ன செய்வது என்று தெரியாமல் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கேலி பண்ணவும் ஆள் இல்லை. கோழியைப் பண்ணுகிறேன், அதற்குக் கோபம் வருவதில்லை. மேற்பிரிவுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டு போனால், எந்தத் தண்ணீரில் பிசைந்தாய் என்று கேட்டுவிட்டுத்தான் கையில் எடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் இருக்கிற வீடுகள். நானாக இருந்தாலும் கேட்பேன்.

ஆகவே, என் சுவருக்கு இந்தப் பக்கத்து மண்ணையும் சின்னக் கிணற்றுத் தண்ணீரையும், செல்லுபடியாகிற ஆட்களின் கையால் எடுத்துப் பரிசோதிக்க உத்தரவிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கெட்டது என்று வந்தால் என்னையும் மேற்பிரிவுக்கு ஏற்றிவிடுங்கள். நல்லது என்று வந்தால் அதை மேற்பிரிவில் எல்லோருக்கும் முன்னால், முக்கியமாக மருதாயி அக்காவுக்கு முன்னால், உரக்கச் சொல்லுங்கள். என் ரொட்டியையாவது கேள்வி கேட்காமல் சாப்பிடட்டும். எந்த முடிவுக்கும் நான் சம்மதம். முடிவே இல்லாமல் இருக்கத்தான் என்னால் முடியவில்லை.

முன்பு வந்த மாத்தயாவையே அனுப்பினாலும் பரவாயில்லை. அவர் பேரில் எனக்கு வருத்தம் இல்லை, நல்ல பிள்ளை. அவர் திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டால் இந்த முறை விளையாடாமல் பதில் சொல்வேன். வாடை வருகிறது ஐயா. எண்ணெய் வாடைதான்.

தங்கள் ஆட்கள் வரும் பாதையைப் பார்த்திருக்கும்,

கா. அன்னலட்சுமி
(கையொப்பம்)

இடம்: புஞ்சிகல தோட்டம், தெஹியோவிட்ட
திகதி: 2025.06.17