பெரிய ற

3.10.2024
ஒரு பக்கம் முழுதும் எழுதிக் காட்டினேன். ஒரே ஒரு தப்புதான் என்றார் எழுத்தறிவு வகுப்பு அபிநயா டீச்சர். எழுபத்திரண்டு வயதில் எனக்கு 'நன்று'! வேப்பந்தட்டை பஸ்ஸில் வரும்போது கடைப் பலகை ஒன்று விடாமல் சத்தமாக வாசித்தேன். பக்கத்திலிருந்தவர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

6.10.2024
மச்சுத் தளம் நடுவில் தூளி மாதிரி தொய்ந்துவிட்டது. உடைந்த ஓடு வழியாக மழைத் தண்ணீர் சுவருக்குள் இறங்கி, தளத்தைத் தாங்கும் கட்டைகளை ஊறவைத்திருக்கிறது. இன்று காரை பெயர்ந்து என் மனைவி கொளஞ்சி கட்டிலோரம் விழுந்தது. ஒரு பக்கம் கை கால் வராதவள், எப்படி விலகுவாள்? மகள் மேகலா வந்து பாடாலூருக்குக் கூட்டிப் போனாள்.
"சீக்கிரம் செஞ்சு முடிங்க. மருமவன் வூட்டுல என் உசுரு போவக் கூடாது."
"போடி, உன் உசுரு எங்க போவப்போவுது."
சிரித்தாள். பாதி வாய்தான் சிரித்தது.

9.10.2024
செல்லதுரை ஆசாரி உளியால் குத்திப் பார்த்தார். ஏழு கட்டையில் மூன்றுக்குச் சுவருக்குள் இருக்கும் முனை இற்றுப்போயிருக்கிறது. நாலு நல்லது. வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல்தான். நாளை அவருக்கு வேறு இடத்தில் வேலை. ஆட்களை மட்டும் அனுப்புவாராம்.
"எதை அருக்கணும், எதை அருக்க வேணாம்னு கட்டையிலயே எழுதிப் போட்டுடுங்க தாத்தா. படிச்சவரு நீங்க இருக்கீங்களே."
படிச்சவரு!
சாக்பீஸ் வாங்கி, ஏணியில் ஏறினேன். அருக்க — சின்ன ரவா, பெரிய றவா? இந்த நோட்டில் எப்படியோ எழுதிவிட்டேன், யார் பார்க்கப்போகிறார்கள். கட்டையில் தப்பாக இருந்தால் ஆட்கள் சிரிப்பார்கள். அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன். இற்ற மூன்றில் 'வேண்டும்'. நல்ல நாலில் 'வேண்டாம்'. எழுத்து முத்து முத்தாக வந்தது. கொளஞ்சியிடம் போனில் சொன்னேன்.
"அடேயப்பா, வாத்தியாரு!" என்றாள்.

10.10.2024
பாடாலூர் போய் அவளைப் பார்த்துவிட்டு சாயங்காலம் வந்தேன். நல்ல கட்டை நாலும் துண்டு துண்டாகக் கீழே கிடந்தன. இற்ற மூன்றும் மேலே நிற்கின்றன. தன் வேலை முடிந்து வந்த செல்லதுரை தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.
"என்ன தாத்தா இது? வேண்டாம்னு எழுதுனா வேண்டாத கட்டைன்னுதானே பசங்க நெனைப்பானுவ?"
"அருக்க வேண்டாம்னுதாம்ப்பா எழுதுனேன்."
"அருக்க எங்க தாத்தா? அதைக் காணுமே!"
எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன்.

12.10.2024
அறுக்க. பெரிய ற. டீச்சரிடம் கேட்டேன்.

24.10.2024
செல்லதுரையிடம் புதுக் கட்டை மூன்றுதான் இருந்தது. மீதி நாலுக்கு அந்த நீளத்தில் பெரம்பலூரில் இல்லை, அரியலூரில் இல்லை. மழை விடவில்லை. மேலே தார்ப்பாய் கட்டியிருக்கிறோம். தினமும் போனில் "ஆச்சா?" என்கிறாள். "நாளைக்கு" என்கிறேன். இன்று அதையும் கேட்கவில்லை. மேகலாதான் பேசினாள்.

2.11.2024
கொளஞ்சி போய்விட்டாள். காலை ஆறு மணி. பாடாலூரில்.

3.11.2024
ஊருக்குக் கொண்டுவந்தோம். வீட்டுக்குள் வைக்க இடமில்லை. தலைக்கு மேல் தளம் இல்லை, கீழே சேறு. தெருவில் பந்தல் போட்டுக் கிடத்தினோம். சாரல் அடித்து அவள் கால் பக்கம் நனைந்தது. நான் துடைத்தேன். மறுபடி நனைந்தது. நாலு எழுத்துக்கு வெட்கப்பட்டேனே — எவன் சிரிச்சா எனக்கென்ன? சிரிச்சுட்டுப் போறான்னு விட்டிருக்கலாம்ல?

18.11.2024
கட்டை கிடைத்து, தளம் முடிந்தது. தொய்வில்லாமல் மட்டமாக இருக்கிறது. செல்லதுரை மேலே நின்று குதித்துக் காட்டினார். நான் மேலே போகவில்லை.

21.11.2024
இறப்பைப் பதிய மேகலாவோடு ஆபீஸ் போனேன்.
"கையெழுத்தா, கைநாட்டா?" என்று கேட்டார்கள்.
"அப்பாவுக்கு நல்லா எழுத வரும் சார்" என்று மேகலா பேனாவை எடுத்து நீட்டினாள்.
நான் மை டப்பாவில் விரலை வைத்தேன்.