தொட்டிக்குள் வேப்பிலை

செவ்வாய் இரவு, கிள்ளான், மலேசியா

காலையில் மகன் செல்வா வளர்த்த கோமாளி மீன் மேல் வெள்ளைப் புள்ளிகள். வேலை முடிந்ததும் மீன் கடைக்குப் போனேன். "பவளம் இருக்கிற தொட்டியில எதையும் ஊத்திடாதீங்கண்ணே. பவளமும் போயிரும். மீனைத் தனியா எடுத்து வைங்க," என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்தால் தொட்டித் தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது. வேப்பிலை மிதக்கிறது. பவளமெல்லாம் சுருங்கிவிட்டது. மூலையில் மீன் மூச்சுக்குத் தவிக்கிறது.

"அம்மை போட்டிருக்குங்க," என்றாள் என் மனைவி சாந்தி. "சின்னதில செல்வாவுக்கு இப்படித்தானே இறங்குச்சு."

கத்தத்தான் வாயைத் திறந்தேன். பைக் விபத்தில் அவன் போன பிறகு அவளுக்குப் பார்த்துக்கொள்ள இது ஒன்றுதான் மிச்சம். வாயை மூடிக்கொண்டு மீனை உப்புத் தண்ணீர் வாளிக்கு மாற்றினேன்.

படுக்கப் போகும்போது கேட்டாள்: "இறங்கிடுச்சாங்க?"

"இறங்கிடுச்சு லா. நாளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்திடலாம். போய்ப் படு."

நிம்மதியாகத் தூங்குகிறாள். சற்று முன் வாளியைப் பார்த்தேன். செவுள் அசையவில்லை. இதே மாதிரி ஒன்றை வாங்கி விட்டுவிடலாம். ஆனால் கடை திறக்கும் முன்பே அவள் எழுந்துவிடுவாள்.