மீற்றரை மறைத்த அந்தோனியார் படம்

இஞ்சாருங்கோ,

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். முதலில் சாப்பிடுங்கள், பிறகு மிச்சத்தை வாசியுங்கள்.

மாமாவை அடக்கம் செய்து ஆறு நாளாக, "என்ரை வயரிங்தான் அப்பான்ரை உயிரை எடுத்தது" என்கிறீர்கள். இல்லை. பற்றரியின் வோல்ற்றுக் காட்டும் அந்த மலிவு மீற்றரைப் பிரித்து, இன்னொரு வயரைப் பற்றவைத்து, சுவிச்சைத் தட்டினால் எங்கள் வான் வண்டியின் முன் பற்றரியையும் ஒட்சிசன் மெசினுக்கான பின் பற்றரியையும் காட்டும்படி சரியாகத்தான் செய்திருந்தீர்கள். மாமாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய அன்று, "பின் பற்றரி பதினொண்டரைக்குக் கீழை இறங்கினாச் சொல்லும், முன் பற்றரிக்கு மாத்துறன்" என்று என்னை அதன் பக்கத்தில் இருத்தினீர்கள்.

மீற்றரின் சிவப்பு வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று மாமா முகத்தைத் திருப்பினார். நான் அந்தோனியார் படத்தை அதன்மேல் ஒட்டினேன். "இப்ப நல்லாக் கிடக்கு, பிள்ளை" என்றார். செபமாலை சொல்லத் தொடங்கியவள் படத்தை எடுக்க மறந்துபோனேன். வழியில், கோப்பாயில், பற்றரி இறங்கி மெசின் நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் மாமாவின் மூச்சும் நின்றது.

"மீற்றர் என்ன காட்டினது?" என்று கேட்டீர்கள். "பன்னிரண்டு" என்றேன். நான் பார்க்கவேயில்லை.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். பங்குச் சுவாமியிடம் சொல்ல முன் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று பட்டது.

மெற்றில்டா

கீழே இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். பின்னேரம் உரும்பிராயிலிருந்து குணலட்சுமி அக்கா வருவா. நாளைக்குத் தன் மகளை ஒட்சிசன் மெசினோடு கிளினிக்குக்குக் கொண்டுபோக வான் கேட்பா. இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் கழற்றி எறிந்த மீற்றரைப் பொறுக்கி, வான் திறப்புக்கொத்தோடு அலுமாரியில் வைத்திருக்கிறேன். அதைத் திரும்ப வானில் பூட்டுங்கள். அதன் பக்கத்தில் மட்டும் வேறு யாரையாவது இருத்துங்கள்.