சிவராசாவின் இடுப்பு

யூன் 10, செவ்வாய்

மாலையில் சிவராசாவின் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தார். "மிஸ், இவர் காலமை கடற்கரையில விழுந்திட்டார். இடது கால் விறைக்குதாம். வாட்டில மறிச்சுப்போட்டாங்கள்." கால் மரத்து விறைப்பது என்றால் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். முதுகெலும்பில் தட்டு பிதுங்கி நரம்பை நெரிக்கிறது.

சிவராசா சல்லிக் கடற்கரையில் கரைவலை இழுப்பவர். கயிற்றை இடுப்பில் மாட்டிப் பின்னால் சாய்ந்து இழுத்து இழுத்தே வலது இடுப்பு மேலே ஏறிப்போனது. நேற்று பாலையூற்றில் என் உடற்பிடிச் சிகிச்சை அறையில் ஒரு மணித்தியாலம் அந்த இடுப்பை அழுத்தினேன். தசையைப் போர்த்தியிருக்கும் சவ்வு காய்ந்த தோல் மாதிரி இறுகிக் கிடந்தது. மெல்ல மெல்ல இளகியது. எழுந்து கண்ணாடியில் தன்னைப் பார்த்தவர், "நான் இவ்வளவு உயரமோ?" என்று சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த இறுக்கம்தான் இத்தனை வருடமும் கயிற்றின் இழுப்புக்கு அவரை விழாமல் தாங்கி நிறுத்தி வைத்திருந்தது என்று அப்போது யோசிக்கவேயில்லை.

மூன்று நாளைக்குப் பாரம் தூக்கக் கூடாது என்று இரண்டு தரம் சொல்லித்தான் அனுப்பினேன். போனில் அதையே அவர் மனைவியிடம் கோபமாகச் சொன்னேன். ஏன் நீங்கள் பார்த்துக்கொள்ளவில்லை என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவரிடமிருந்து சிவராசா போனை வாங்கினார்.

"அவளை ஏசாதேங்கோ மிஸ். நீங்கள் சொன்னதை நான் மீறேல்லை. ஒரு பாரமும் தூக்கேல்லை. வலைதான் இழுத்தனான்."